பன்னிரண்டு முதலாளிகள்

தாராவியில் அந்த நாளில் முதலாளியாவதற்கு ஒரு கையெழுத்து போதும். எழுதத் தெரியாதவனாக இருந்தால் பெருவிரல். பூலோகத்துக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்பதில் அவன் பெண்டாட்டி பேராச்சிக்கு ஏகப் பெருமை. நான் அப்போது அதே சந்தில் மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தேன். அறுபத்து மூன்றாம் வருஷம் தை மாதத்தில் அவள் எங்கள் வீட்டுக்கும் ஒரு டம்ளர் பாயசம் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் புருஷன் பட்டறை முதலாளியாகிவிட்டான் என்பதற்கான பாயசம் அது.

பூலோகம் தோல் ஷாப்பில் குழி வேலைக்காரன். பந்த்ராவில் மாடு அறுக்கிற இடத்திலிருந்து உப்புப் போட்ட தோல் வண்டியில் வந்து இறங்கும். அதை அலசி, சுண்ணாம்புக் குழியில் ஊறப்போட்டு, முடி கழற்றி, சதை சீவி, பிறகு சாயத் தண்ணீர்க் குழியில் நாள் கணக்காகப் புரட்டிப் போட வேண்டும். இப்படிக் குழியில் நின்றவர்கள் மொத்தம் பன்னிரண்டு பேர், எல்லோரும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள். பேராச்சிக்கு அதே ஷாப்பின் பின்முற்றத்தில், கழற்றிய முடியை அலசிக் காயப்போடுகிற வேலை. பெண்களுக்கு அன்றன்றைக்குக் கூலி. பிள்ளைகள் இரண்டு பிறந்து இரண்டும் தங்கவில்லை. காலையில் இருவரும் சேர்ந்து போவார்கள், சாயங்காலம் சேர்ந்து வருவார்கள். அந்த வாசனையோடு பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரன் எழுந்துபோய்விடுவான் என்பதால் எங்கே போனாலும் நடைதான்.

தோல் பதம் பிடிக்க வாட்டில் என்று ஒரு மரச்சாற்றுப் பொடி வேண்டும். அது ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் மூட்டை மூட்டையாக வரும். சர்க்காரின் கையில் வெளிநாட்டுப் பணம் இல்லாத காலம். ஆகவே கப்பலில் எது வந்தாலும் லைசென்ஸ் வேண்டும். சொந்தமாகப் பட்டறை வைத்து, அந்தச் சரக்கைத் தானே உபயோகிக்கிறவனுக்குத்தான் லைசென்ஸ், வாங்கி விற்கிறவனுக்குக் கிடையாது என்று விதி. நல்ல விதிதான். சின்னத் தொழில்காரன் பிழைக்கட்டும் என்று யாரோ நல்ல மனசோடு எழுதியிருக்க வேண்டும். ஷாப்பு முதலாளி அதைப் படித்துவிட்டு, அப்படியானால் தனக்குச் சின்னப் பட்டறைகள் நிறைய வேண்டும் என்று புரிந்துகொண்டார். லைசென்ஸில் வந்த ஒரு மூட்டையை பஜாரில் விற்றால் மூன்று மூட்டையின் விலை கிடைக்கும்.

முதலாளி பம்பாயின் கோட்டை வட்டாரத்தில் ஆபீஸ் வைத்திருந்தார். ஷாப்புப் பக்கம் வரவேமாட்டார். இங்கே எல்லாம் மேனேஜர் பிரம்மநாயகம் பிள்ளைதான். அவர் பன்னிரண்டு பேரையும் கூப்பிட்டு ஆளுக்கொரு பட்டறைக்குப் பெயர் சொல்லச் சொன்னார். வானமாமலை என்பவன் தன் பெயரையே சொன்னான். ஒருவன் சாமி பெயர் சொன்னான். பூலோகம் கொஞ்சம் யோசித்து, வெட்கப்பட்டுக்கொண்டு, பெண்டாட்டி பெயரைச் சொன்னான். பேராச்சி லெதர் ஒர்க்ஸ். அதைப் பலகையில் வெள்ளைப் பெயிண்டில் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார்கள். அந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பேராச்சி பலகையை ஒரு நாள் வீட்டுக்கு வாங்கிவந்து சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்துக் கும்பிட்டாள். மற்ற பதினோரு வீட்டிலும் அப்படியே நடந்தது.

லைசென்ஸ் ஆபீஸ் இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் பார்க்க வேண்டும். குழிகள் ஆறுதான், பலகைகள் பன்னிரண்டு. ஒரு பலகையை மாட்டி, அதற்குரிய முதலாளிக்கு வெளுத்த சட்டை போட்டு முன்னால் நிறுத்துவார்கள். இன்ஸ்பெக்டர் பார்த்து எழுதிக்கொண்டு பிள்ளையின் அறைக்குப் போய் டீ குடிப்பார். அதற்குள் பலகை மாறும், சட்டை மாறும், அதே குழிக்கு வேறு முதலாளி வந்து நிற்பார். சட்டை ஒன்றே ஒன்று. இன்ஸ்பெக்டருக்கு இது தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். அவர் குடித்த டீ விலை உயர்ந்தது. அவர் போனபிறகு பன்னிரண்டு பேரும் முழங்காலளவு சுண்ணாம்பில் இறங்கி, "ஏ முதலாளி, அந்தத் தோலக் கொஞ்சம் இங்கிட்டு தள்ளும்" என்று ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டு வேலை பார்ப்பார்கள். அந்தச் சிரிப்பு எங்கள் சந்து வரைக்கும் கேட்கும்.

அந்தச் சமயத்தில்தான் பிள்ளை இன்னொரு காரியமும் செய்தார். ஒருவன் ஓரிடத்தில் முதலாளியாகவும் இன்னோரிடத்தில் கூலியாகவும் இருக்க முடியாது, லைசென்ஸ் ஆபீஸில் கேள்வி வரும் என்று சொல்லி, வேலையாள் வருகையை எழுதுகிற ஹாஜிரிப் புத்தகத்திலிருந்து பன்னிரண்டு பேரின் பெயரையும் அடித்துவிட்டார். சம்பளம் வழக்கம்போலக் கையில் வந்தது, மேற்கொண்டு தீபாவளிக்கு ஒரு வேட்டியும் வந்தது. வேட்டியைப் பார்த்தார்களே தவிர, புத்தகத்தில் பெயர் இல்லாததை ஒருவரும் பெரிதாக நினைக்கவில்லை. என்னிடம் சொல்லியிருந்தால் நானும் பெரிதாக நினைத்திருக்கமாட்டேன்.

அறுபத்தைந்தாம் வருஷம் ஆடி மாதம், விடாத மழை. தோல் உருட்டுகிற மர டிரம்மை ஓட்டும் பெல்ட் ஈரத்தில் வழுக்கிக்கொண்டே இருந்தது. நிறுத்திவிட்டுச் சரிசெய்தால் அரை மணி வீணாகும் என்று, ஓடும்போதே கையால் தள்ளிவிடுவது அங்கே பழக்கம். பூலோகம் எத்தனையோ முறை தள்ளியிருக்கிறான். அன்றைக்குச் சட்டைக் கையோடு பெல்ட் இழுத்துவிட்டது. வலது கை மணிக்கட்டுக்கு மேலே நசுங்கியது. வானமாமலைதான் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். மறுநாள் கையை எடுத்துவிட்டார்கள்.

இருபத்தாறு நாள் கழித்துப் பூலோகம் வீட்டுக்கு வந்தான். வந்த மூன்றாம் நாள் பிரம்மநாயகம் பிள்ளை ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, குடையை மடக்காமல் வாசலிலேயே நின்றார். பேராச்சி மரப்பெட்டியைத் துடைத்துப் போட்டும் அவர் உட்காரவில்லை. ஷாப்பில் கையோ காலோ போனவனுக்கு நஷ்டஈடு உண்டு என்று சட்டம் இருக்கிறதாமே என்று அவள்தான் பேச்சை எடுத்தாள்.

"அது கூலிக்காரனுக்குள்ள சட்டம்லா பேராச்சி" என்றார் பிள்ளை.

"இவுக யாருய்யா அப்ப?"

"நான் சொல்லித்தான் தெரியணுமா? பலகையில பேர எழுதிப் பாயசம் வச்ச ஆளு நீதான்."

"அய்யா, அது நீங்க சொல்லிச் செஞ்சது."

"நான் சொன்னேன்னு எதுலயாவது எழுதியிருக்கா? நான் கெட்டவன் இல்லட்டி. காயிதம் அப்படி நிக்கி. எம்பேரு அதுல இல்ல, முதலாளி பேரும் இல்ல. பூலோகம் பேருதான் இருக்கு. அவன் பட்டறை, அவன் டிரம்மு, அவன் கை. சர்க்காரு கண்ணுக்கு அப்படித்தான்."

அவர் போனபிறகு பழத்தை என்ன செய்வதென்று இருவருக்கும் தெரியவில்லை. வெகுநேரம் அது தரையிலேயே கிடந்தது.

தோல் தொழிலாளர் சங்கத்தில் கணேசபாண்டியன் என்று ஒரு ஆள் இருந்தான். நல்லவன், வாய் பெரிது. அவன் நஷ்டஈட்டுக் கோர்ட்டில் மனுப் போட்டுக் கொடுத்தான். ஹாஜிரியில் பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கூட நின்று வேலை பார்த்த ஒரு ஆள் கூண்டில் ஏறி, இவன் என்னோடு குழியில் நின்ற கூலி என்று சொன்னால் போதும், மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். ஒரே ஒரு ஆள். பேராச்சிக்கு அது மலையாகத் தெரியவில்லை. பதினோரு பேர் இருக்கிறார்களே, எல்லோரும் பாயசம் குடித்தவர்கள்தானே என்று நினைத்தாள்.

தினமும் முடி அலசும் வேலை முடிந்ததும் ஒரு வீடாக அவள் ஏறி இறங்கினாள். எல்லா வீட்டிலும் நல்லபடியாகத்தான் நடத்தினார்கள். மணை போட்டு உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். பூலோகத்துக்குக் காய்ச்சல் விட்டதா, தூங்குகிறானா என்று கேட்டார்கள். சாட்சி என்ற பேச்சை எடுத்ததும் வீட்டுக்காரி அடுப்பைக் கவனிக்கப் போவாள், வீட்டுக்காரன் கூரையில் எங்கே ஒழுகுகிறது என்று அண்ணாந்து பார்ப்பான். ஐந்தாவது வீட்டிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் விடவில்லை. கடைசியாக வைத்திருந்தது வானமாமலையின் வீடு. கை நசுங்கியவனைச் சுமந்துகொண்டு ஓடியவன் அவன். அவன் வருவான் என்றே நம்பினாள்.

அவன் ரேஷனில் போட்ட அமெரிக்கச் சிவப்புச் சோளத்தைக் களியாகக் கிண்டிக் கருவாட்டுக் குழம்போடு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவளுக்கும் ஒரு தட்டு வைக்கச் சொன்னான். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தான்.

"மயினி, நான் வாறேன்னு வையுங்க" என்றான் பிறகு. "பூலோகம் அண்ணன் கூலிதாம்னு கூண்டுல ஏறிச் சொல்லுதேன். உடனே அந்த வக்கீலு என்னயப் பாத்து, நீ யாருல, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாம். நானும் அங்கன கூலின்னா, அப்ப இந்த வானமாமலை அண்டு கம்பெனி யாருதுன்னு காயிதத்த நீட்டுவாம். பொய்க் கையெழுத்துன்னு என்னய உள்ள தள்ளுவாம். மூணும் பொட்டப்பிள்ள மயினி."

"அன்னைக்குத் தூக்கிட்டு ஓடுனீகளே தம்பி."

"இன்னைக்கும் தூக்கிட்டு ஓடச் சொல்லுங்க, ஓடுதேன். கையெழுத்து கேக்காத எடமாப் பாத்துச் சொல்லுங்க."

அவன் அழுதான். அவன் அழுததைப் பார்த்தபின் அவளால் கோபப்பட முடியவில்லை. கோபப்பட முடிந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஒரு மாற்றம் நடந்தது. யாரும் சொல்லிவைத்துச் செய்ததில்லை. ஷாப்பிலிருந்து வருகிற பாதை பூலோகத்தின் வாசல் வழியாகத்தான். சாயங்காலத்தில் அவன் வாசலில் மரப்பெட்டி போட்டு உட்கார்ந்திருப்பான். முன்பெல்லாம் ஒவ்வொருவனும் நின்று ஒரு பீடியாவது பற்றவைத்துவிட்டுப் போவான். இப்போது ஒருவன் சாக்கடை ஓரமாகச் சுற்றிப் போனான். மறுவாரம் மூன்று பேர். கார்த்திகை வரும்போது பதினோரு பேரும் அந்த நாற்றம்பிடித்த வழியாகவே போனார்கள். பூலோகம் அதைப் பற்றிப் பேராச்சியிடம் ஒன்றும் சொல்லவில்லை. டிரம் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, இன்றைக்குப் பெல்ட் தளர்ந்திருக்கிறது, இன்றைக்குத் தோல் அதிகம் போட்டுவிட்டார்கள் என்று தனக்குள் சொல்லிக்கொள்வான். நான் போய் எப்போதாவது உட்காருவேன். எனக்கு அந்த வேலை தெரியாது. அதனால் அவனுக்கு என்னோடு பேச ஒன்றும் இருக்காது.

காலையில் பேராச்சி அவனுக்கு வேட்டி கட்டிவிட்டு, சட்டைப் பித்தான் போட்டுவிட்டு, சோற்றைப் பிசைந்து இடதுகைக்கு வாகாக வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். பதினோரு பேர் நிற்கிற குழியைத் தாண்டித்தான் பின்முற்றத்துக்குப் போகவேண்டும். அவள் வருகிறாள் என்றால் குழியில் பேச்சு நின்றுவிடும். முதலாளி என்று கேலி செய்கிற பழக்கமும் எப்போதோ நின்றுபோயிருந்தது. பகல் முழுவதும் அவள் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் முடி அலசிவிட்டுத் திரும்புவாள். வீட்டில் பேசுவதற்கும் அவளிடம் ஒன்றும் சேர்ந்திருக்காது. ஒரு நாள் என் மனைவியிடம், வாய் புளித்துக் கிடக்கிறது, சண்டை போடவாவது ஒரு ஆள் இருந்தால் தேவலை என்றாள்.

கோர்ட்டில் வாய்தா வாய்தாவாகப் போயிற்று. மறுவருஷம் ஜூன் மாதம் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். அதோடு லைசென்ஸ் விதிகளும் மாறின. தாராவியில் எங்களுக்கு அது மண்ணெண்ணெய் விலையாகத்தான் தெரிந்தது. ஆனால் அந்த வாரமே ஷாப்பில் பன்னிரண்டு பலகைகளையும் இறக்கி அடுப்பெரிக்க உடைத்துப் போட்டார்கள். ஏன் என்று கேட்கப் பேராச்சிக்கு ஒரே ஒரு ஆள்தான் தெரியும். மாதுங்காவில் இருந்த சங்கரன்.

சங்கரன் பாலக்காட்டுக்காரர். கோட்டையில் கப்பல் சரக்கு இறக்கிக் கொடுக்கிற கம்பெனியில் டைப்பிஸ்ட். பன்னிரண்டு பட்டறைகளுக்கும் விண்ணப்பம் டைப் அடித்தவர் அவர்தான். கையெழுத்து வாங்கத் தாராவிக்கு வந்தபோது, பூலோகத்தின் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னவர். அதைப் பேராச்சி மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நடந்தே போய், மூன்றாவது மாடிக்கு ஏறி, கதவைத் தட்டாமல் கொஞ்ச நேரம் நின்றாள். அவர் மனைவி ராஜலக்ஷ்மி கதவைத் திறந்து, எங்கிருந்து வந்தவள் என்று தெரிந்ததும் உள்ளே போய், ஜன்னலில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த அலுமினிய டம்ளரில் காப்பி கொண்டுவந்து மாடிப்படியில் வைத்தாள். சங்கரன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பேசினார்.

"ரூல் மாறிடுத்தும்மா. நமக்குக் கடன் கொடுக்கற தேசமெல்லாம் கதவைத் திறன்னு சொல்லிடுத்து. வாட்டில் கொண்டுவர இனிமே சின்னப் பட்டறைக்காரன் பேர் வேண்டாம். அதனால உங்க முதலாளிக்குப் பலகை தேவையில்லை. அதோட நின்னாலும் பரவாயில்லை. பழைய லைசென்ஸ்ல வந்த மூட்டையெல்லாம் எங்கே போச்சுன்னு இப்போ ஃபைலை நோண்ட ஆரம்பிச்சிருக்கா."

"அப்ப அந்த முதலாளியப் பிடிப்பாகளா சாமி?"

"அவர் பேர் எந்த ஃபைல்லயும் இல்லையே. உங்க ஆத்துக்காரர் பேர்னா இருக்கு. கோர்ட்ல நான் கூலின்னு அவர் சொன்னா, லைசென்ஸ் ஆபீஸ்ல பொய் சொன்னேன்னு தானே ஒத்துண்ட மாதிரி. கேஸை வாபஸ் வாங்கிடுங்கோ. அதான் நல்லது."

டைப் அடித்தது நான்தான் என்று ஒரு வார்த்தை வந்து சொல்லக்கூடாதா என்று அவள் கேட்டாள். அவர் திரும்பி வீட்டுக்குள்ளே பார்த்தார். உள்ளே யாரோ பாட்டுக் கற்றுக்கொண்டிருந்தார்கள். தனக்கு இன்னும் பதினொரு வருஷம் சர்வீஸ் இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். அவள் காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். தாராவியிலிருந்து வெயிலில் நடந்து வந்தவள், வேண்டாமென்று வைக்கிற பெருமையெல்லாம் அவளுக்குக் கட்டுப்படியாகாது. டம்ளரைத் தானே குழாயில் கழுவிக் கவிழ்த்துவிட்டு இறங்கினாள்.

அந்த வாரமே பிள்ளையும் ஆள் அனுப்பினார். கேஸை விட்டுவிட்டால் பூலோகத்துக்கு ஷாப்பில் வாட்ச்மேன் வேலை, மாதச் சம்பளம். பேராச்சிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு வருஷமாக வீடு வீடாக ஏறி இறங்கியவள் அவள்தான். இப்போது விட்டுவிடுங்கள் என்று கெஞ்சியவளும் அவள்தான். பூலோகம் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் இரண்டு பேரும் அப்படிச் சண்டை போட்டு நான் அதற்கு முன் கேட்டதில்லை. தகரச் சுவர், மூன்று வீடு தள்ளியும் எல்லாம் கேட்கும்.

"உள்ள தூக்கிப் போட்டாகன்னா நான் என்ன செய்வேன்? எனக்கு யாரு இருக்கா?" என்றாள் அவள்.

"இப்ப மட்டும் யாரு இருக்கா?"

"நீங்க இருக்கீகல்லா."

அதற்கு அவன் சொன்னான். "வாட்ச்மேனுன்னா அந்த வாசல்லதானட்டி உக்காரணும். அந்தப் பதினோரு பேரும் என்னயப் பாத்துத் தலையக் குனிஞ்சுக்கிட்டே உள்ள போவாம், குனிஞ்சுக்கிட்டே வெளிய வருவாம். அதுக்கு மாசச் சம்பளமா? இருவத்திரெண்டு வருசம் சுண்ணாம்புல நின்னு கால் வெந்து போச்சு. கையும் போச்சு. நான் கூலி இல்லைன்னு ஒருத்தன் சொல்லுதாம். நானும் ஆமாம்னு சொல்லணுமா? என்னால முடியாது பேராச்சி. கோவிச்சுக்கிடாத."

விசாரணை ஐப்பசியில் வந்தது. நானும் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். கணேசபாண்டியன் ஏற்பாடு செய்த வக்கீல், சாட்சி இல்லாமல் ஒன்றும் ஓடாது என்று முன்பே கையை விரித்துவிட்டார். பூலோகம் கூண்டில் ஏறினான். தமிழ் தெரிந்த ஒரு குமாஸ்தா மொழிபெயர்த்தான். நீ யார் என்று கேட்டார்கள், தோல் ஷாப்புக் கூலி என்றான். ஷாப்புக்காக வந்த வக்கீல் காகிதத்தை நீட்டி, இது யார் கையெழுத்து என்றார். என்னுடையதுதான் என்றான். இந்தக் காகிதத்தில் உன்னைப் பட்டறை முதலாளி என்று சர்க்காருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாயே, அது பொய்யா என்றார். நீதிபதி கையைக் காட்டி அவரை நிறுத்தினார். வயதான மனிதர். இதற்குப் பதில் சொல்வதற்கு முன் யோசித்துக்கொள், நீ சொல்வதை நான் எழுதியாக வேண்டும், அது வேறு இடத்துக்குப் போகும் என்று மராத்தியில் நிதானமாகச் சொன்னார். குமாஸ்தா அதையும் தமிழில் சொன்னான். பூலோகம் பேராச்சியைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"பொய்தான் சார்" என்றான் பூலோகம். "எழுதிக்கிடுங்க. நான் கூலி."

நஷ்டஈடு கிடைக்கவில்லை. ஹாஜிரியில் பெயர் இல்லை, சாட்சி இல்லை, அவனே கையெழுத்திட்ட காகிதம் அவனுக்கு எதிராக இருக்கிறது, அவன் தொழிலாளி என்பது நிரூபணமாகவில்லை என்று தீர்ப்பு எழுதினார்கள். ஆனால் பட்டறை பொய் என்று அவன் சொன்னது மட்டும் உண்மை என்று எடுத்துக்கொண்டு, காகிதத்தை வேறு கோர்ட்டுக்கு அனுப்பினார்கள். இந்த இரண்டும் எப்படிச் சேரும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மறுவருஷம் பங்குனியில், பொய் சொல்லி லைசென்ஸ் வாங்கிய குற்றத்துக்கு ஆறு மாதம் தண்டனை. யார் சொல்லச் சொன்னது என்று கேட்டபோது பிள்ளை பெயரையும் சொன்னான், முதலாளி பெயரையும் சொன்னான். காகிதத்தில் அந்தப் பெயர்கள் இல்லை. மற்ற பதினோரு பேரை ஒருவரும் கூப்பிடவில்லை. அவர்கள்தான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லையே.

தண்டனை ஆன மறுநாள் காலையில் பேராச்சியின் வாசலில் ஒரு பை கோதுமை மாவு இருந்தது. அடுத்த வாரம் கருவாடு ஒரு பொட்டலம். அதற்கடுத்து மண்ணெண்ணெய் ஒரு பாட்டில். யார் வைத்தது என்று தெரியாது. ஒருவராக இருக்கலாம், பதினோரு பேரும் முறை வைத்துக்கொண்டும் வைத்திருக்கலாம். அவள் எடுத்துச் சமைத்துச் சாப்பிட்டாள். ஆனாலும் என் மனைவியிடம் சொல்லி அழுதாள். வைக்கிற மகராசன் கதவைத் தட்டி, இந்தா என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனால், மாவே இல்லாமல் போனாலும் பரவாயில்லை என்றாள்.

சயானில் ரயிலேறித் தாணா ஜெயிலுக்கு மாதம் ஒருமுறை போவாள். இரண்டாம் முறை போனபோது பூலோகத்தின் முகம் தெளிந்திருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, என்ன சாப்பிட்டாய் என்றுகூடக் கேட்காமல் சொல்ல ஆரம்பித்தான்.

"ஏட்டி, இங்க வந்த அன்னைக்கு ஒரு பெரிய பொஸ்தகத்துல பேரு எழுதுனாம். சொல்லணும் சொல்லணும்னு போன தடவ அழுகையில விட்டுப் போச்சு. பேரு, அப்பன் பேரு, ஊரு எல்லாம் கேட்டுட்டு, என்ன தொழில்னாம். தோல் ஷாப்புக் கூலின்னேன். அப்படியா, எத்தன வருசம்னாம். இருவத்திரெண்டுன்னேன். கை எப்படிப் போச்சுன்னாம். டிரம்மு பெல்ட்டுலன்னேன். ஒரு கேள்வி மறுபடி கேக்கல. அவ்வளவும் எழுதிட்டாம்."

"யாரு, சர்க்காரு ஆளா?"

"பின்ன? காக்கிச் சட்டைதான்."

"முத்திர உண்டுமா அதுல?"

அது தனக்குத் தெரியாது என்றான். அவள் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. பேசக் கொடுத்த பத்து நிமிஷத்தில் நாலு நிமிஷத்தை விட்டுவிட்டு, வாசல் அறைக்குப் போய், புத்தகத்தில் அவன் பெயர் எழுதிய பக்கத்துக்கு ஒரு நகல் வேண்டும் என்று தனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டாள். அங்கிருந்தவன் முதலில் சிரித்தான், பிறகு அவள் போகாததைப் பார்த்து, மேலதிகாரிக்கு மனு எழுதிக்கொண்டு திங்கட்கிழமை வா என்றான். அதை வைத்துக்கொண்டு கேஸைத் திரும்ப எடுக்க முடியுமா என்று கணேசபாண்டியனைத்தான் கேட்க வேண்டும். அவனோ நாக்பூருக்குப் போயிருந்தான்.

சயானில் இறங்கித் தாராவிக்கு நடந்து வரும்போதுதான், இதைச் சொல்லத் தனக்கு ஒரு ஆளும் இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. நாங்களும் அன்றைக்கு வீட்டில் இல்லை. ஷாப்பு விடுகிற நேரம். வாசலில் மரப்பெட்டி வெறுமனே கிடந்தது. அவள் வீட்டுக்குள் போகாமல் சாக்கடை வழிக்கே போய் நின்றுகொண்டாள். பத்துப் பேர் அவளைக் கண்டதும் வேகமாகத் தாண்டிப் போனார்கள். வானமாமலை மட்டும் நின்றான். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவன் அவளை நேராகப் பார்ப்பது அப்போதுதான்.

"தம்பி, அவுகளக் கூலின்னு எழுதிட்டாங்க" என்றாள். "ஜெயில்ல. சர்க்காரு பொஸ்தகத்துல. இருவத்திரெண்டு வருசத்தயும் எழுதி, கை போனதயும் எழுதியிருக்கு."

வானமாமலையின் கால் முழங்கால் வரைக்கும் சுண்ணாம்பில் வெளுத்திருந்தது. சாக்கடையின் மறுகரையில் மற்றவர்கள் தூரத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் மறைகிறவரை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்.

"உள்ள போனா எல்லாருக்கும் அப்படி எழுதுதாகளா மயினி?"

பேராச்சி அவனைப் பார்த்தாள். அவன் கேலியாகக் கேட்கவில்லை. எனக்குத் தெரியாது தம்பி, திங்கட்கிழமை போகும்போது கேட்டுக்கொண்டு வருகிறேன் என்றாள்.